நட்சத்திரம் விழாத தாள்

முள்ளுக்காரனுக்கு இரண்டு நாளாக ஒரு கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரித் தாளில் இருந்த ஒரே நட்சத்திரம் காணாமல் போயிருந்தது. அதே வாரத்தில் அவன் பூட்ஸ் காலில் ஏற மறுத்தது.

இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. தாள் நன்றாக இருக்கிறதென்றால் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். காலையில் நாடாவை முழுவதும் அவிழ்த்து, பூட்ஸின் நாக்கை வெளியே இழுத்து, காலைத் திணித்துப் பார்த்தான். குதிகால் உள்ளே போகவில்லை. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்திய இடத்தில் குழி விழுந்தது. பத்து எண்ணும்வரை பார்த்தான். குழி அப்படியே இருந்தது.

தாளை மறுபடி எடுத்து மேசையில் விரித்தான். ரத்தப் பரிசோதனைத் தாள் அமைப்பில் மிக எளிமையானது. இடப்பக்கம் எதைச் சோதித்தார்கள் என்ற பெயர். நடுவில் எண். வலப்பக்கம் அந்த எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற வரம்பு. எண் வரம்பைத் தாண்டினால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். அவசரத்தில் இருக்கும் மருத்துவர்கள் எண்களைப் படிப்பதில்லை, நட்சத்திரங்களைத்தான் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்காகத்தானே நட்சத்திரம்.

ஆறாம் மாதத் தாளில் ரத்தத்தின் சிவப்பு, அதாவது ஹீமோகுளோபின், 11.2, பக்கத்தில் நட்சத்திரம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏழாம் மாதம் 12.1, அப்போதும் நட்சத்திரம். மாத்திரையைக் கூட்டினார்கள். இந்த எட்டாம் மாதத் தாளில் 13.2. நட்சத்திரம் போய்விட்டது. பொதுப் பிரிவு மருத்துவர் தாளின் மேல் ஒரு டிக் போட்டு, "நல்ல முன்னேற்றம்" என்று எழுதியிருந்தார்.

முள்ளுக்காரன் முப்பத்திரண்டு வாரக் கர்ப்பமாக இருந்தான்.

இதற்கு ஒரு கதை உண்டு, ஆனால் நீளமானதல்ல. பெண் குழந்தை என்று பதியப்பட்டுப் பிறந்தவன் அவன். தான் ஆண் என்று பேச்சு வந்த நாளிலிருந்தே தெரியும்; வீட்டாருக்குப் புரியத்தான் இருபது வருஷம் ஆயிற்று. ஹார்மோன் ஊசியில் தாடி வந்தது, குரல் இறங்கியது, மார்பு அறுவை முடிந்தது. மனம் பொருந்தித் திருமணமும் செய்துகொண்டான். மனைவி துணி வெட்டும் நிலையத்தில் கட்டர். அவளுடைய கருப்பையை இருபத்தாறு வயதிலேயே கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இருவருக்கும் பிள்ளை ஆசை இருந்தது. வீட்டில் ஒரு கருப்பைதான் மிச்சம் இருந்தது. அது அவனிடம் இருந்தது. ஊசியை நிறுத்தினான், மருத்துவர்கள் உதவினார்கள், மூன்றாம் முயற்சியில் கரு நின்றது. அவ்வளவுதான்.

வெளியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பட்டறைக் கோட்டு தொளதொளவென்று இருக்கும். வாடிக்கையாளர்கள் அவன் வயிற்றைப் பார்த்து, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்தாவது வீட்டுச் சாப்பாடு ஒட்டுகிறதே என்று கிண்டல் செய்வார்கள். ஆஸ்பத்திரியில்தான் வேடிக்கை. பிரசவப் பிரிவின் வாசலில் இருவரும் போய் நின்றால் எல்லாரும் எழுந்து மனைவிக்கு இடம் கொடுப்பார்கள். ஒரு முறை உதவியாளர் ஒருத்தி அவளை எடை மெஷினில் ஏற்றி, "ஏழு மாசத்துக்கு எடையே ஏறலையேம்மா" என்று கவலைப்பட்டாள். மனைவி இறங்கி, கணவனைப் பார்த்து, "எல்லாத்தையும் அவரே ஏத்திக்கிட்டாரு" என்றாள்.

மனைவியின் அண்ணன்தான் அவனுக்குத் தொழில் கூட்டாளி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவார்கள். செய்தி தெரிந்த அன்றைக்கு மச்சான் ஒரு மணி நேரம் ஒரே நட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "பெத்துக்கப் போறது நீ. அம்மா என் தங்கச்சி. அப்ப நான் தாய்மாமன்தானே? அதுல ஒண்ணும் மாத்தம் இல்லையே?"

இல்லை என்றான் முள்ளுக்காரன்.

"அப்ப சரி. என் பதவி போகாம இருந்தா போதும்."

பட்டறை என்பது பெரிதல்ல. ஒரு ஷட்டர், ஒரு நீள மேசை, சுவர் முழுக்கத் தொங்கும் அழுத்தக் கேஜ்கள். கொதிகலன், காற்றுச் சிலிண்டர், தண்ணீர்க் குழாய் என்று எங்கெல்லாம் எதையாவது அடைத்து அழுத்துகிறார்களோ, அங்கெல்லாம் ஒரு வட்டமுகமும் ஒரு முள்ளும் இருக்கும். அந்த முள் உண்மை சொல்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதனால்தான் அவனுக்கு முள்ளுக்காரன் என்று பெயர். கேஜைத் திறந்தால் உள்ளே கேள்விக்குறி போல வளைந்த ஒரு பித்தளைக் குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளுக்குக் கொடுக்கும். எத்தனை முறை பார்த்தாலும் அவனுக்கு அது அலுத்ததில்லை.

ஆனால் முள்ளுக்கு நல்லது கெட்டது தெரியாது. இதை அவன் எல்லாரிடமும் சொல்வான். முகத்தில் வரைந்த சிவப்புக் கோடுதான் அபாயம் எது என்று சொல்கிறது, அந்தக் கோட்டைப் போட்டது ஒரு மனிதன். ஏழு என்ற எண் ஒரு கொதிகலனுக்குத் தூக்கம், இன்னொன்றுக்குச் சாவு. அதனால் எந்தக் கேஜ் பட்டறைக்கு வந்தாலும் அவன் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எந்தக் கொதிகலனுடையது?

தன் தாளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு இரண்டு நாள் தோன்றவில்லை.

அன்று காலை தலைவலியும் சேர்ந்துகொண்டது. நெற்றிக்குப் பின்னால், இரண்டு கட்டைவிரலை வைத்து உள்ளேயிருந்து தள்ளுவது போல. வலக்கண் ஓரத்தில் சின்னச் சின்னப் பொறிகள் பறந்தன, வெல்டிங்கை வெறுங்கண்ணால் பார்த்த பிறகு வருவது போல. மனைவி போய் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தாள். கையில் பட்டை கட்டி, ரப்பர்ப் பந்தை அமுக்கி, வட்டமுகத்தைப் பார்க்கும் பழைய வகை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

"நூத்தி நாப்பத்தாறுக்குத் தொண்ணூத்தி நாலு."

நாலாம் மாதத்தில் அவனுக்கு நூற்றுநான்குக்கு அறுபத்தாறு. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருப்பார்கள். முள்ளுக்காரன் செய்ததோ வேறு. கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். முள்ளை நம்புமுன் கேஜைச் சோதி என்பது அவன் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு அந்தப் பாடம்தான் அவன் காலை வாரப் பார்த்தது.

பட்டறை மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கிறது. உள்ளே பாதரசம். அதற்குச் சக்கரமும் கிடையாது, சுருள்வில்லும் கிடையாது. பாதரசத்தின் எடைதான் அளவு, எடை பொய் சொல்லாது. குறைந்த அழுத்தக் கேஜ்களையெல்லாம் அதனோடுதான் ஒப்பிடுவார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் தாய். அவன் கருவியை ஒரு ரப்பர்க் குழாயால் தாயோடு இணைத்தான். இருபதில் பார்த்தான், நாற்பதில் பார்த்தான், அறுபதில் பார்த்தான். ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. எண்பது, நூறு, நூற்றிருபது என்று நூற்றறுபது வரை. நடுநடுவே மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். பொறிகள் இமைக்குள்ளும் பறந்தன. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு முறை புரண்டது, பிறகு வெகுநேரம் அசையவில்லை.

மச்சான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி எண் வரை இரண்டு கோட்டுக்கு மேல் வித்தியாசமே இல்லை.

"கேஜ் சரியா இருக்கு" என்றான் முள்ளுக்காரன். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

மச்சான் எழுந்து ஷட்டர் கொக்கியை எடுத்தான். "அப்ப கொதிகலன்தான் சரியில்ல. ஏறு வண்டில."

காலைப்பொழுது முழுக்க அந்தச் சோதனையில் போயிருந்தது. மூன்று மணி நேரம்.

பிரசவ மருத்துவர் மூன்று வாரமாக விடுப்பில் இருந்தார். அவர் இல்லாததால் இவன் சீட்டு பொதுப் பிரிவுக்குத்தான் போனது. போன இரண்டு முறையும் அப்படித்தான். மனைவி வேலையிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே. புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அழுத்தம் பார்த்தார்கள்: நூற்றுநாற்பத்துநாலு. படியேறி வந்ததால் இருக்கும் என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாள் வந்தது. பொதுப் பிரிவு மருத்துவர் வயதில் சின்னவர், பொறுமையானவர்தான். தாளை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். விரல் எங்கும் தடுக்கவில்லை.

சிவப்பு 13.6. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1. யூரிக் அமிலம் 7.0. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது, பதற்றத்தால் அழுத்தம் ஏறியிருக்கும், உப்பைக் குறைத்து ஓய்வெடுங்கள், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மனைவி தலைவலியைச் சொன்னாள், பொறியைச் சொன்னாள். கர்ப்பம் என்று தெரிந்தும் அவர் நட்சத்திரமில்லாத தாளைத்தான் நம்பினார்; கண் மருத்துவருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

நடையில் வந்து நின்றார்கள். வெள்ளைச் சுவர், பினாயில் வாசம், தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம். மச்சான் வண்டி எடுக்கப் போயிருந்தான். முள்ளுக்காரன் சுவரில் சாய்ந்துகொண்டு மூன்று மாதத் தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தான். இப்போது நட்சத்திரத்தைத் தேடவில்லை, எண்களைப் படித்தான். கிரியாட்டினின் ஆறாம் மாதம் 0.6, ஏழில் 0.8, இரண்டு நாள் முன்பு 1.0, இன்றைக்கு 1.1. யூரிக் அமிலம் 4.1, 5.4, 6.7, 7.0. ஒரு முள் நாலு முறையும் ஒரே பக்கமாக ஏறியிருக்கிறது. ஏறும் முள்ளைப் பார்த்தபிறகும் எல்லாம் சரி என்று யார் சொல்கிறார்கள்? சிவப்புக் கோடு சொல்கிறது.

கோட்டைப் போட்டது யார்?

"வீட்டுக்குப் போகலாம், படுங்க" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம். இந்த வரம்பு எந்தக் கொதிகலனோடதுன்னு கேக்கணும்."

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆய்வகத்துக்கு ஒரு சின்ன ஜன்னல்தான் வெளிவாசல். உள்ளே வழுக்கைத் தலையோடு ஒருவர் குழாய்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை, தாள் எப்போது வரும் என்பதைத் தவிர. அதனால் ஒருவன் வந்து வலப்பக்க வரம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மெஷினுக்கு வரம்பு தெரியாது, அது எண்ணை மட்டும்தான் தரும் என்று விளக்கினார். எண் கணினிக்குப் போகும். கணினியிடம் அட்டவணைகள் இருக்கின்றன. எந்த அட்டவணையை எடுப்பது என்று அது இரண்டே விஷயத்தைப் பார்த்து முடிவு செய்யும்: வயது, பால்.

"ஆம்பளைக்கு உடம்புல சதை ஜாஸ்தி. கழிவும் ஜாஸ்தி. அதனால அவங்களுக்குக் கோடு மேல இருக்கும். இப்ப இந்தத் தாளையே பாருங்க. 1.1. ஆம்பளைக்கு இது தூசு. இதே ஒரு கர்ப்பிணிக்கு வந்திருந்தா நான் இந்நேரம் ஓடியிருப்பேன்."

"ஏன் சார்?"

அவர் ரசித்துச் சொன்னார். கர்ப்பத்தில் சிறுநீரகம் ஒன்றரை மடங்கு வேலை செய்கிறது. அதனால் கழிவு ரத்தத்தில் வழக்கத்தைவிடக் குறைந்துதான் இருக்க வேண்டும். ஏறினால் வடிகட்டி அடைக்கிறது என்று அர்த்தம். சிவப்பும் அப்படித்தான், கர்ப்பத்தில் ரத்தத்தில் தண்ணீர் கூடுவதால் சிவப்பு இறங்கி நிற்பதுதான் இயல்பு. கடைசி மாதங்களில் அது சட்டென்று மேலே போனால் சந்தோஷப்படக் கூடாது. ரத்தக் குழாயிலிருந்து தண்ணீர் கசிந்து சதைக்குள் போகிறது, மிச்ச ரத்தம் கெட்டியாகிறது. "கால் வீங்கும், தலை வலிக்கும், கண்ணுல பூச்சி பறக்கும். அப்புறம் வலிப்பு. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனச்சா போச்சு. ஆமா, இது யாரோட தாள்?"

"என்னோடது."

"அதான் சொல்றேன், உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"முப்பத்திரண்டு வாரம் சார்" என்றாள் மனைவி, அவனுக்குப் பின்னாலிருந்து. "அவருக்குத்தான்."

ஆய்வகக்காரர் தாடியைப் பார்த்தார். பட்டறைக் கோட்டைப் பார்த்தார். கோட்டின் நடுப் பொத்தானைப் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே மஞ்சளடித்துப்போன ஒரு தாள் ஒட்டியிருந்தது, கணினி வருவதற்கு முன்னால் அவரே கையால் கோடு போட்டு எழுதியது: கர்ப்ப வாரமும் வரம்பும். அதில் விரலை வைத்தார். விரல் முப்பத்திரண்டில் நின்றது.

"உக்காருங்க" என்றார். "நிக்காதீங்க, உக்காருங்க." போனை எடுத்துப் பிரசவப் பிரிவுக்குப் பேசினார்.

பிரசவப் பிரிவின் மூத்த நர்ஸை எல்லாரும் பெரியக்கா என்பார்கள். ஐந்து நிமிஷத்தில் சக்கர நாற்காலியோடு வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, சிறுநீரில் புரதம் பார்த்தது எப்போது என்பது. மருத்துவர் விடுப்பில் போனதிலிருந்து பார்க்கவே இல்லை. பிரசவ அட்டை வைத்திருக்கும் யாரும் உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அட்டையிலேயே அது அச்சாகியிருக்கும். இவனுக்கு அந்த அட்டை கிடையாது. பாலின எழுத்தைப் பார்த்துக் கணினி அதை அச்சடிக்க மறுத்துவிட்டது. பிரசவ மருத்துவர் இருந்தவரை எல்லாவற்றையும் வெள்ளைச் சீட்டில் கையால் எழுதி, கிண்ணத்தையும் தானே கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் விடுப்பில் போனதும் அவர் கையும் போயிற்று.

காகிதப் பட்டையைச் சிறுநீரில் முக்கினார் பெரியக்கா. மஞ்சள் சதுரம் ஒரு நிமிஷத்தில் கரும்பச்சை ஆயிற்று. அழுத்தம் இந்த முறை நூற்று ஐம்பத்தெட்டுக்கு நூற்று நாலு.  படுக்க வைத்து, இரண்டு பக்கக் கம்பியையும் தூக்கி மாட்டினார். வலிப்பைத் தடுக்கும் மருந்து சொட்ட ஆரம்பித்தது. உள்ளே இறங்கும்போது கை முழுக்க நெருப்பு ஊர்வது போலிருந்தது. அழுத்தத்துக்கு ஒரு மருந்து. சீக்கிரமே பிள்ளையை எடுக்க நேரலாம், அதற்குள் அதன் நுரையீரல் பழுக்கவேண்டும் என்று தொடையில் ஒரு ஊசி. வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார்கள். வெகுநேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது. மனைவி அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து அந்தத் துடிப்பு வந்தது, தையல் மெஷினைப் போல வேகமாக.

கதவோரம் நின்ற மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தாய்மாமன் வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றான்.

ஆனால் அபாயம் கட்டிலோடு முடிந்துவிடவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இனி ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் தாள் வரும். ஒவ்வொரு தாளும் நட்சத்திரமே இல்லாமல் வரும். நர்ஸ்கள் மாறுவார்கள், மருத்துவர்கள் மாறுவார்கள். யாராவது ஒருவர் மேலிருந்து கீழாக விரலை ஓட்டி, எல்லாம் சரியென்று சொட்டு மருந்தை நிறுத்தினால் போதும்.

ஆய்வகக்காரர் படுக்கைக்கே வந்திருந்தார். எழுத்தை மாற்றிவிடலாமா என்று பெரியக்கா கேட்டார். கணினியில் ஆண் என்பதைப் பெண் என்று அடித்தால் கர்ப்ப அட்டவணை தானாக வரும்.

முள்ளுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த எழுத்துக்காக அவன் மூன்று மாதம் நடந்திருக்கிறான். ஆரம்பத்தில் அடையாள அட்டை ஆண் என்றது, ஆஸ்பத்திரிக் கணினி பெண் என்றது. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் நாற்பது பேர் நடுவில் அவனை நிறுத்தி இது யார் என்று கேட்டார்கள். கடைசியில் பதிவு குமாஸ்தா ஒருவர் மனமிரங்கி மாற்றிக் கொடுத்தார். மாற்றிவிட்டு அவரே எழுந்து கைகுலுக்கினார். அன்றைக்கு மனைவி கண்கலங்கினாள். அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் எத்தனை கம்பிகள் இழுபடும் என்று அவர்கள் மூன்று பேருமே பார்க்கவில்லை.

"மாத்துங்க" என்றாள் மனைவி. "எழுத்த அப்புறம் வாங்கிக்கலாம். எனக்கு ஆளு வேணும்."

"மாத்துங்க" என்றான் அவனும்.

ஆய்வகக்காரர்தான் தலையாட்டி மறுத்தார். ரத்த வங்கியில் இவன் ரத்த வகை ஆண் என்ற எழுத்தோடு பதிவாகியிருந்தது. எழுத்து மாறினால் வங்கிக் கணினி இவனை வேறு ஆள் என்று நினைத்துப் பையைத் தராது. மறுபடி இரண்டு முறை ரத்தம் எடுத்து வகை பார்த்த பிறகுதான் தரும். "நாளைக்கே ஆபரேஷன்ல ரத்தம் தேவைப்படலாம். அந்த நேரத்துல ஒரு மணி நேரம் காக்க வைக்க முடியாது. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் ஒழுகுது."

 பட்டை தானாக இறுகி, தானாகத் தளர்ந்தது. நூற்றைம்பத்திரண்டு.

முள்ளுக்காரன் நாக்கு கனத்திருந்தது. மெல்லத்தான் பேசினான். "எங்க பட்டறைல சில நேரம் பெரிய கொதிகலனோட கேஜைக் கழட்டி சின்னதுல மாட்டிருப்பாங்க. முள்ளு சரியா இருக்கும், கோடு தப்பா இருக்கும். அதுக்காக நாங்க கொதிகலனோட பேரை மாத்த மாட்டோம். கேஜையும் ஒடைக்க மாட்டோம்."

"பின்ன?"

"கேஜ் கழுத்துல ஒரு தகரத்தைக் கட்டித் தொங்க விடுவோம். ஏழுக்கு மேல போகாதேன்னு அதுல எழுதியிருக்கும். முள்ளப் பாக்குறவன் தகரத்தப் பாக்காம இருக்க முடியாது."

பெரியக்கா ஆய்வகக்காரரைப் பார்த்தார். ஆய்வகக்காரர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அன்று மாலை முதல் இப்படித்தான் நடந்தது. கணினியில் ஆண் என்ற எழுத்தை யாரும் தொடவில்லை. அவன் ரத்தக் குழாயோடு போகும் ஒவ்வொரு சீட்டின் தலையிலும் சிவப்பு மையில் "கர்ப்பம், 32 வாரம்" என்று எழுதினார்கள். வாரம் மாறினால் எண்ணை மாற்றினார்கள். கட்டில் தலைமாட்டிலும் அதே வாசகத்தை ஓர் அட்டையில் எழுதிக் கட்டினார்கள். அந்தச் சீட்டு வந்தால் ஆய்வகத்தில் இருப்பவர் கணினி போடும் நட்சத்திரத்தைப் பார்க்க மாட்டார். சுவரில் இருக்கும் கர்ப்ப வரம்புத் தாளோடு எண்ணை ஒப்பிட்டு, மீறியதைக் கையால் வட்டமிட்டு, பக்கத்தில் முந்தைய மூன்று எண்களையும் எழுதி, தாளை அனுப்புவதற்கு முன்பே பிரசவப் பிரிவுக்குப் போனில் சொல்லிவிடுவார்.